'ஓரளவே வெற்றி' என்று எழுதி வைத்த ராக்கெட் குழு: நம் முன்னேற்றம் நமக்கே ஏன் தெரிவதில்லை?

1979 ஆகஸ்ட் 10, காலை 7.58 மணி. ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து எஸ்எல்வி-3 கிளம்பியது. 22 மீட்டர் உயரம், 17 டன் எடை, நான்கு கட்டங்கள். செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விடுவதற்காக இந்தியா சொந்தமாக வடிவமைத்த முதல் ராக்கெட் அது. திருவனந்தபுரம் தும்பாவில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் (விஎஸ்எஸ்சி) பல வருடம் உழைத்து உருவாக்கியது. முதல் கட்டம் சரியாக எரிந்து முடிந்தது. இரண்டாம் கட்டத்தில் ராக்கெட் கட்டுப்பாட்டை இழந்தது. 317 வினாடிகளில் எல்லாம் முடிந்து, மிச்சம் இருந்ததெல்லாம் வங்கக் கடலில் விழுந்தது.

ராக்கெட் கடலில் விழுந்தால் அதை நாம் என்னவென்று சொல்வோம்? தோல்வி என்றுதானே. ஆனால் இஸ்ரோ தன் வரலாற்றுக் குறிப்பில் அந்த ஏவுதலைப் பற்றி எழுதியிருப்பது, 'ஓரளவே வெற்றி' என்று.

கேட்க சமாளிப்பு மாதிரி இருக்கலாம். சமாளிப்புதானா என்பதை அடுத்து நடந்ததை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். 11 மாதம் கழித்து, 1980 ஜூலை 18 அன்று, அதே வடிவமைப்பு கொண்ட ராக்கெட் 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. புது ராக்கெட் செய்யவில்லை. எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று பிரித்து எழுதி வைத்திருந்ததால், வேலை செய்யாததை மட்டும் சரிசெய்தார்கள்.

ஜிம், கோடிங், போட்டித் தேர்வு, புது மொழி, சேமிப்பு என்று எதையாவது தொடங்கிவிட்டு மூன்றாவது மாதத்தில் "ஒண்ணும் நகரலையே" என்று விட்டுவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. உண்மையிலேயே ஒன்றும் நகரவில்லையா, நகர்ந்தது கண்ணில் படவில்லையா? இந்த வித்தியாசம் தெரியாமலேயே கைவிட்ட இலக்குகள் நிறைய இருக்கும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது, ஆய்வுகள் என்ன சொல்கின்றன, எங்கே ஏமாந்துபோக வாய்ப்பு இருக்கிறது என்று பார்ப்போம்.

தும்பாவில் முன்னேற்றத்தை எப்படிக் குறித்தார்கள்?

தும்பாவின் முதல் ராக்கெட் 1963 நவம்பர் 21 அன்று கிளம்பியது. அது அமெரிக்காவின் நைக்-அப்பாச்சி. நம்முடையது இல்லை. நம் கையால் செய்த முதல் ராக்கெட் நான்கு வருடம் கழித்து, 1967 நவம்பரில்தான் பறந்தது. பெயர் ஆர்ஹெச்-75. ரோகிணி வரிசை, 75 மில்லிமீட்டர் விட்டம். அதாவது ஒரு சாதாரண தண்ணீர் பாட்டில் அளவு தடிமன்.

இந்தப் பெயர் வைக்கும் முறையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஆர்ஹெச்-75, ஆர்ஹெச்-100, ஆர்ஹெச்-125, ஆர்ஹெச்-200, ஆர்ஹெச்-300, ஆர்ஹெச்-560. எண்தான் விட்டம். ராக்கெட்டின் பெயரைப் படித்தாலே நேற்று எங்கே இருந்தோம், இன்று எங்கே வந்திருக்கிறோம் என்று தெரியும். எஸ்எல்வி-3 வரும்போது விட்டம் ஒரு மீட்டர் ஆகியிருந்தது. செயற்கைக்கோள் விடுவதுதான் இலக்கு என்று வைத்துப் பார்த்தால் 1967 முதல் 1979 வரை கையில் இருந்தது பூஜ்ஜியம். தொடங்கிய இடத்தில் இருந்து பார்த்தால் 75 மில்லிமீட்டர் ஆயிரம் ஆகியிருக்கிறது. ஒரே காலகட்டத்துக்கு இரண்டு கணக்கு, இரண்டும் உண்மை.

அந்தச் சின்ன ராக்கெட்டுகளைப் படிக்கல்லாக மட்டும் நினைத்துத் தூக்கிப் போட்டுவிடவும் இல்லை. ஆர்ஹெச்-200 வளிமண்டல ஆய்வுக்காகத் தும்பாவில் இருந்து தொடர்ந்து பறந்துகொண்டே இருந்தது. 2022 நவம்பரில் தொடர்ச்சியாக 200வது முறை வெற்றிகரமாக ஏவப்பட்டது.

எஸ்எல்வி-3 திட்டத்தின் தலைவர் அப்துல் கலாம். முதல் ஏவுதல் தோற்றபோது இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் பத்திரிகையாளர்கள் முன் பொறுப்பேற்றுக்கொண்டதும், ஜெயித்தபோது கலாமைப் பேசச் சொன்னதும் எல்லோரும் கேட்ட கதை. தலைமைப் பண்புக் கூட்டங்களில் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன கதையும்கூட. என்னைக் கேட்டால், அதைவிட முக்கியமானது அடுத்த சில வாரங்களில் நடந்த ஆய்வு.

உட்கார்ந்து பேசியவர்கள் 'ராக்கெட் ஏன் விழுந்தது' என்பதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு கட்டமாக, ஒவ்வொரு அமைப்பாக எடுத்துப் பார்த்தார்கள். முடிவில் கிடைத்த காரணம் சின்னது. இரண்டாம் கட்டத்தைத் திசை மாறாமல் பிடித்து வைக்கும் அமைப்பில் ஒரு வால்வு மூடாமல் திறந்தே நின்றுவிட்டது. அதன் வழியாக நைட்ரிக் அமிலம் கசிந்து தீர்ந்துபோனது. காரணம், தூசி. அத்தனை பெரிய ராக்கெட்டில் கோளாறு அந்த ஒரு இடத்தில்தான் என்றால், மற்றதைத் தொட வேண்டியதில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. 'தோல்வி' என்று ஒரே வார்த்தையில் எழுதியிருந்தால் இந்த இரண்டாவது தகவல் தொலைந்துபோயிருக்கும்.

உணர்ச்சியே இல்லாமல் நடந்த விஷயம் இல்லை இது. அன்று உடைந்துபோய்ப் படுத்துவிட்ட தன்னை எழுப்பிச் சாப்பிட அழைத்துப் போனவர் விஎஸ்எஸ்சியின் முதல் இயக்குநர் பிரம்ம பிரகாஷ் என்று 'அக்னிச் சிறகுகள்' நூலில் கலாம் சொல்கிறார். முதலில் தூக்கம், பிறகு சாப்பாடு. பகுப்பாய்வு எல்லாம் அதற்கப்புறம்தான். மனசு சரியில்லாத அன்றைக்கே உட்கார்ந்து கணக்குப் போட்டால், கணக்கு தப்பாகத்தான் வரும்.

நம்முடையது நமக்கு ஏன் தெரிவதில்லை?

தும்பாவில் இருந்து சில கிலோமீட்டர் தள்ளி, கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் இருக்கிறது. 1990இல் தொடங்கிய, இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. அங்கே வேலைக்கு வரும் தமிழர்கள் பலரும் முதல் வருடத்தில் எடுக்கும் ஒரு முடிவை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்: 'இந்த வருஷம் மலையாளம் கத்துக்கணும்.'

முதல் மாதம் ஜாலியாகப் போகும். பாதி வார்த்தை தெரிந்த மாதிரியே இருக்கும். 'வந்நு' என்றால் வந்தேன், வந்தான், வந்தாள், வந்தார்கள் எல்லாம் அதிலேயே அடக்கம். தமிழ் மாதிரி ஆளுக்கு ஒரு விகுதி தேவையில்லை என்று தெரிந்ததும் ஒரு நிம்மதி. 'வெள்ளம்' என்றால் குடிக்கிற தண்ணீர், 'அவசரம்' என்றால் வாய்ப்பு என்று தெரிந்ததும் ஒரு சிரிப்பு. மூன்றாம் மாதம், தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் நின்று கேஎஸ்ஆர்டிசி பஸ்ஸின் போர்டை எழுத்துக்கூட்டிப் படிக்க முடியும். ஆறாம் மாதம், கேன்டீனில் டீமே விழுந்து விழுந்து சிரிக்கும்போது நமக்கு மட்டும் ஜோக் புரியாது. அன்று ராத்திரி தோன்றும்: 'ஆறு மாசமா என்னத்த கத்துக்கிட்டேன்?'

முதல் மாதத்தில் பஸ் போர்டு என்பது வெறும் கோலம். அது இப்போது தானாகப் படிக்க வருகிறது. தானாக வருவதால்தான் அது கணக்கில் வராமல் போகிறது. ஒரு திறமை கைக்கு வந்ததும் அதற்கு முயற்சி தேவைப்படுவதில்லை. முயற்சி தேவைப்படாததை மனம் சாதனையாக எண்ணுவதில்லை. கூடவே அளவுகோலும் நகர்ந்துவிடுகிறது. தொடக்கத்தில் 'டீக்கடையில் பேசினால் போதும்' என்று இருந்தது, இப்போது 'ஜோக் புரியணும்' என்று ஆகிவிட்டது. நாம் ஒரு அடி வைத்தால் எல்லைக்கோடும் ஒரு அடி தள்ளிப் போகிறது. எத்தனை மாதம் நடந்தாலும் தூரம் அப்படியே இருக்கிற மாதிரித்தான் தெரியும்.

தேக்கம் என்ற ஒன்றும் இருக்கிறது. 1897இல் அமெரிக்காவில் பிரையன், ஹார்ட்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் தந்தி ஆபரேட்டர்கள் தொழில் பழகும் வேகத்தை வாராவாரம் அளந்தார்கள். தந்தி அனுப்பும் வேகம் ஓரளவு சீராக ஏறியது. வரும் தந்தியைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் வேகம் ஒரு கட்டத்தில் அப்படியே நின்றது. வாரக்கணக்கில் அசையவில்லை. பிறகு மறுபடி ஏறியது. எழுத்து எழுத்தாகக் கேட்டவர்கள் வார்த்தை வார்த்தையாகவும், பிறகு வாக்கியமாகவும் கேட்கப் பழகும் இடைவெளி அது என்று அவர்கள் விளக்கினார்கள். இந்தத் தேக்கம் எல்லாக் கற்றலிலும் வந்தே தீரும் என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. ஆனால் மொழியோ கோடிங்கோ வீணையோ பழகிய யாருக்கும் அந்த அசையாத வாரங்கள் எப்படி இருக்கும் என்று தெரியும்.

இதெல்லாம் போதாதென்று லிங்க்ட்இன் வேறு. அடுத்தவர் காட்டுவது முடிந்துபோன வேலையின் படம். அதை நம் பாதி வேலையோடு ஒப்பிட்டால் யார் ஜெயிப்பார்கள்?

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

இந்த விஷயத்தில் அதிகம் பேசப்படும் ஆய்வு, ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் பேராசிரியர் தெரசா அமாபிலேயும் ஸ்டீவன் கிராமரும் செய்தது. 7 நிறுவனங்கள், 26 குழுக்கள், 238 ஊழியர்கள். தினமும் வேலை முடிந்ததும் அன்று மனதில் நின்ற ஒரு சம்பவத்தைக் குறிப்பாக எழுதி அனுப்பச் சொன்னார்கள். சுமார் 12,000 நாட்குறிப்புகள் சேர்ந்தன. 2011இல் இது புத்தகமாகவும் வந்தது.

ஊழியர்கள் 'இன்று நல்ல நாள்' என்று உணர்ந்த நாட்களில் 76 சதவீதத்தில், வேலையில் ஏதோ ஒரு முன்னேற்றம் நடந்திருந்தது. பாராட்டுக் கிடைத்த நாள் எல்லாம் அதற்குப் பின்னால்தான். அந்த முன்னேற்றம் பெரிதாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. திட்டத்தைப் பொறுத்தவரை சின்னதாக இருந்த சம்பவங்களில் 28 சதவீதம், ஊழியரின் மனநிலையைப் பெரிய அளவில் மாற்றியிருந்தன. ஒரு பக் சரியானது, ஒரு படிவம் ஒருவழியாக ஒப்புதல் ஆனது, அவ்வளவுதான். அதே ஆய்வாளர்கள் 669 மேலாளர்களிடம் 'ஊழியரை எது ஊக்கப்படுத்தும்?' என்று கேட்டு ஐந்து காரணிகளை வரிசைப்படுத்தச் சொன்னார்கள். முன்னேற உதவுவது என்பது கடைசி இடத்துக்குப் போனது. உங்கள் டீம் லீடுக்கு இது தெரியாமல் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

நாட்குறிப்பு ஆய்வு மனநிலையைப் பற்றிப் பேசுகிறது. இலக்கை அடைவதற்கு இது உதவுமா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் 2016இல் பெஞ்சமின் ஹார்கினும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஒரு தொகுப்பாய்வில் இருக்கிறது. 138 ஆய்வுகள், கிட்டத்தட்ட 20,000 பேர். தங்கள் முன்னேற்றத்தை அவ்வப்போது சரிபார்க்கும்படி தூண்டப்பட்டவர்கள் இலக்கை அடையும் வாய்ப்பு கூடியது. மனதுக்குள் நினைத்துக்கொள்வதைவிட எங்காவது எழுதி வைத்தால் பலன் அதிகம். இன்னொருவருக்குத் தெரியும்படி வைத்தாலும் அப்படியே.

எடை மெஷின் மேல் ஏறாமல் தள்ளிப் போடுவது, மாதக் கடைசியில் வங்கி ஆப்பைத் திறக்காமல் இருப்பது, இதெல்லாம் அந்தச் சரிபார்ப்பில் இருந்து தப்பிக்கும் வழிகள். கெட்ட செய்தி இருக்குமோ என்ற பயம். அந்தப் பயத்தில் நல்ல செய்தியும் சேர்ந்து மறைந்துபோகிறது.

படி வைத்துக் கொடுத்த எழுத்தறிவு இயக்கம்

திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட இன்னொரு அமைப்பு, கேரள மாநில எழுத்தறிவு இயக்கம். பள்ளிக்கூடம் போகாத ஒருவர் நேராகப் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு உட்கார வேண்டியதில்லை. முதலில் எழுத்தும் எண்ணும் தெரிகிறதா என்று ஒரு தேர்வு. பிறகு நான்காம் வகுப்புக்கு இணையான தேர்வு, ஏழாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு, அதற்கு மேல் மேல்நிலை. ஒவ்வொன்றுக்கும் தனிச் சான்றிதழ்.

ஆலப்புழை மாவட்டம் சேப்பாட்டைச் சேர்ந்த கார்த்யாயினி அம்மா 2018இல் 'அக்ஷரலட்சம்' தேர்வை எழுதியபோது அவருக்கு வயது 96. 100க்கு 98 மதிப்பெண், மாநிலத்தில் முதலிடம். அடுத்த ஆண்டு, கொல்லத்தைச் சேர்ந்த பாகீரதி அம்மா 105 வயதில் நான்காம் வகுப்பு சமநிலைத் தேர்வை எழுதி, 275க்கு 205 எடுத்துத் தேர்ச்சி பெற்றார். இருவருக்கும் 2020இல் மத்திய அரசின் நாரி சக்தி விருது அறிவிக்கப்பட்டது.

வயதைப் பார்த்து வியந்துவிட்டு நகர்ந்துவிடுவதுதான் வழக்கம். இதன் பின்னால் இருக்கும் ஏற்பாட்டைப் பாருங்கள். 96 வயதில் தொடங்கும் ஒருவருக்குப் பத்தாம் வகுப்புதான் வெற்றி என்று வைத்திருந்தால், அவர் படித்த ஒவ்வொரு எழுத்தும் 'இன்னும் முடியலை' என்ற கணக்கில்தான் சேர்ந்திருக்கும். எழுத்து தெரிந்ததையே ஒரு படியாக அறிவித்து, தேர்வு வைத்து, கையில் சான்றிதழும் கொடுத்ததால் அது முடிந்த வேலை ஆனது. அடுத்ததைப் பற்றி யோசிக்கவும் முடிந்தது. அதற்குமேல் படிக்க வேண்டும், கம்ப்யூட்டரும் கற்க வேண்டும் என்று கார்த்யாயினி அம்மா சொன்னதும், அவர் வீட்டுக்கு ஒரு மடிக்கணினி வந்ததும் அப்போது செய்தியானது. 2023 அக்டோபரில் அவர் காலமானார்.

பள்ளி, கல்லூரி வரைக்கும் நமக்கும் இப்படிப் படி இருந்தது. செமஸ்டர், மதிப்பெண், அடுத்த வகுப்பு. வேலைக்குப் போன அன்றோடு அது நின்றுபோகிறது. இருபத்தைந்து வயதுக்கு மேல் ஒருவர் தானாக எடுத்துக்கொண்ட இலக்குக்கு நடுவில் யாரும் சான்றிதழ் கொடுப்பதில்லை. படியையும் நாமே வைக்க வேண்டியிருக்கிறது, 'இதை ஏறியாச்சு' என்று எழுதுவதையும் நாமே செய்ய வேண்டியிருக்கிறது.

'நல்லாத்தான் போகுது' என்று நினைப்பதில் ஆபத்து இல்லையா?

இருக்கிறது. ஊக்கப் பேச்சுகள் பெரும்பாலும் இந்தப் பக்கத்தைச் சொல்வதில்லை.

2005இல் அயெலெட் ஃபிஷ்பாக், ரவி தர் என்ற இரு ஆய்வாளர்கள் எடை குறைக்க முயலும் பெண்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். இலக்கு எடைக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று ஒரு கோட்டில் குறிக்கச் சொன்னார்கள். அந்தக் கோட்டின் அளவை மாற்றி, ஒரு குழுவினருக்கு 'நிறைய முன்னேறிவிட்டோம்' என்ற உணர்வு வரும்படி செய்தார்கள். பிறகு, கிளம்பும்போது ஆப்பிள் வேண்டுமா சாக்லேட் வேண்டுமா என்று கேட்டார்கள். முன்னேறியதாக உணர்ந்தவர்களில் 85 சதவீதம் பேர் சாக்லேட்டை எடுத்தார்கள். மற்றவர்களில் 58 சதவீதம். 'இவ்வளவு செஞ்சாச்சே, ஒரு நாள் பரவாயில்லை' என்ற அந்த உள்குரல் நமக்குப் புதுசு இல்லையே.

முன்னேற்ற உணர்வைச் செயற்கையாக உண்டாக்கவும் முடியும். 2006இல் வெளியான இன்னொரு ஆய்வில், ஒரு கார் வாஷ் கடையின் வாடிக்கையாளர்கள் 300 பேருக்கு முத்திரை அட்டை கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு எட்டு கட்டம் உள்ள அட்டை. மீதிப் பேருக்குப் பத்து கட்டம், ஆனால் இரண்டு கட்டத்தில் ஏற்கெனவே முத்திரை குத்தியிருக்கும். இரண்டு குழுவும் எட்டு முறைதான் வர வேண்டும். எட்டு கட்ட அட்டையை முழுதாக நிரப்பியவர்கள் 19 சதவீதம், இலவச முத்திரை வாங்கியவர்கள் 34 சதவீதம். மொழிப் பயிற்சி ஆப்கள் 'இன்றோடு 90 நாள்' என்று பட்டாசு வெடிப்பதும் இதே தந்திரத்தின் உறவுக்காரர்தான். 90 நாள் ஆப்பைத் திறந்தது உண்மை. அதனால் மலையாளம் வந்துவிட்டதா என்பதை டீக்கடை சேட்டன்தான் சொல்ல வேண்டும்.

அதனால்தான் 'ஓரளவே வெற்றி' என்ற வாசகத்தில் 'ஓரளவே' என்ற பகுதி 'வெற்றி' அளவுக்கே முக்கியமாகப் படுகிறது. செய்ததை மட்டும் எழுதினால் சாக்லேட். செய்யாததை மட்டும் எழுதினால் மூன்றாம் மாதக் கைவிடல். ஃபிஷ்பாக்கின் பிற்கால ஆய்வுகள் இதில் ஒரு வேறுபாட்டையும் காட்டுகின்றன. தொடக்கத்தில், இதில் நாம் தொடர வேண்டுமா என்ற தயக்கம் இருக்கும் கட்டத்தில், இதுவரை செய்ததைப் பார்ப்பது உதவுகிறது. உறுதியாக இறங்கிவிட்டவருக்கு, இன்னும் மீதி எவ்வளவு என்று பார்ப்பது உதவுகிறது.

சரி, எப்படி எழுதி வைப்பது?

ஆப் எதுவும் வேண்டாம். ஒரு நோட்டு போதும். போனில் எழுதித்தான் பழக்கம் என்றால் அதுவும் சரி, ஆனால் நாலு மாதம் கழித்து ஒரே மூச்சில் புரட்டிப் பார்க்கும்படி ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

முதல் நாள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கிட்டத்தட்ட யாரும் அதைச் செய்வதில்லை. இன்றைய நிலையைப் பதிவு செய்வது. மலையாளம் என்றால், இன்று இரண்டு நிமிடம் பேசி போனில் ரெக்கார்ட் செய்து வையுங்கள். எவ்வளவு உளறலாக இருந்தாலும் அழிக்காதீர்கள். ஓட்டம் என்றால், மூச்சு வாங்காமல் எவ்வளவு தூரம் ஓட முடிந்தது என்று. கடன் அடைப்பது என்றால், இன்று மொத்தம் எவ்வளவு பாக்கி என்று ஒரு எண். ஆர்ஹெச்-75 என்ற பெயரில் அந்த 75 இல்லாமல் போயிருந்தால் 560க்கு அர்த்தமே இருந்திருக்காது.

பிறகு வாரம் ஒரு நாள், பத்து நிமிடம். ஞாயிறு மாலை வசதி. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் இருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவர்களுக்கு அந்தப் பயண நேரமே போதும். இரண்டு பத்தி எழுதுங்கள்: இந்த வாரம் எது வேலை செய்தது, எது செய்யவில்லை. இரண்டும் காலியாக இருக்கக் கூடாது. 'நல்லா போச்சு' மாதிரி வரிகள் பிறகு எதற்கும் உதவாது. 'ஆட்டோ அண்ணனிடம் தமிழ் கலக்காமல் பேரம் பேசினேன், மூன்று வாக்கியம்' என்று எழுதினால் உதவும். 'படிக்கலை' என்று எழுதுவதைவிட 'செவ்வாய், புதன் ரிலீஸ் இருந்ததால் படிக்கவில்லை, வியாழன் நேரம் இருந்தும் ரீல்ஸ் பார்த்தேன்' என்று எழுதினால், அந்த மூன்றாவது நாள்தான் வால்வு என்று தெரியவரும்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். டிஎன்பிஎஸ்சியோ யுபிஎஸ்சியோ, முடிவு என்பது பட்டியலில் பெயர் இருக்கிறது அல்லது இல்லை என்று இரண்டே நிலைதான். 'ஓரளவு' என்று தேர்வாணையம் எழுதாது. மூன்று வருடம் படித்துவிட்டுப் பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு அந்த மூன்று வருடமும் பூஜ்ஜியமாகத் தெரிவது அதனால்தான். மாதிரித் தேர்வுகளில் பாடவாரியாக எடுத்த மதிப்பெண், முன்பு தவறாகப் போட்டு இப்போது சரியாகப் போடும் கேள்வி வகை, இதெல்லாம் தனியாக எழுதியிருந்தால் அடுத்த முயற்சியில் எதைத் தொட வேண்டும், எதை அப்படியே விட வேண்டும் என்று தெரியும். இன்னொரு முயற்சி எடுக்கலாமா வேண்டாமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசும்போதும், கையில் எண் இருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும். 'இன்னும் ஒரு வருஷம் பாரேன்' என்று அம்மா சொல்வதற்கும் 'போதும்ப்பா' என்று அப்பா சொல்வதற்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது புரியும்.

வேலையில் இருப்பவர்களுக்கு நேரடிக் காசுப் பலனும் உண்டு. வருட அப்ரைசல் படிவத்தில் 'இந்த ஆண்டு நீங்கள் செய்தது என்ன' என்ற கட்டத்தைப் பார்த்தால், கடைசி இரண்டு மாதம் மட்டும்தான் ஞாபகம் வரும். வாரக் குறிப்பு இருந்தால் அதை அப்படியே எடுத்துப் போடலாம். சம்பள உயர்வு பேசும்போது உங்கள் பக்கம் தேதியோடு ஆதாரம் இருக்கும்.

யாரிடமாவது காட்டலாமா? காட்டலாம், ஆளைப் பார்த்து. பாராட்டு மட்டுமே சொல்பவரும் வேண்டாம், குறை மட்டுமே பார்ப்பவரும் வேண்டாம். இதே மாதிரி தானும் ஒன்றை முயன்றுகொண்டிருக்கும் நண்பர் ஒருவர் கிடைத்தால் நல்லது. மாதம் ஒருமுறை இருவரும் நோட்டை மாற்றிப் படித்துக்கொள்ளலாம். நமக்குச் சாதாரணமாகிப்போனது அவர் கண்ணில் படும்.

மூணு மாசம் எழுதியும் ஒண்ணும் நகரலைன்னா?

அப்படியும் ஆகலாம். பன்னிரண்டு வாரக் குறிப்பைப் புரட்டிப் பார்த்தால் 'வேலை செய்தது' என்ற பத்தியில் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், அது தேக்கமாக இருக்கலாம். தேக்கம் என்றால் செய்யும் முறையைக் கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாம். ஆப்பில் படித்தவர் ஆளோடு பேசிப் பார்க்கலாம். தனியாக ஓடியவர் குழுவோடு ஓடிப் பார்க்கலாம். முறையை மாற்றியும் அடுத்த மூன்று மாதம் அதே கதை என்றால், இந்த இலக்கு இப்போது தேவைதானா என்று கேட்பதில் தவறில்லை. குறிப்பைப் பார்த்துவிட்டு நிறுத்துவதும், சோர்ந்துபோய் நிறுத்துவதும் ஒன்றில்லை. முதலாவதில், இதுவரை கற்றது எது என்ற பட்டியல் கையில் மிச்சம் இருக்கும்.

எஸ்எல்வி-3 கதையும் 1980 வெற்றியோடு மேலே மேலே ஏறிப் போய்விடவில்லை. 1981 மே 31 அன்று பறந்த மூன்றாவது ராக்கெட் செயற்கைக்கோளை எதிர்பார்த்த உயரத்தில் விடவில்லை. ஒன்பது நாளில் அது வளிமண்டலத்துக்குள் விழுந்து எரிந்தது. 1983 ஏப்ரல் 17 அன்று நான்காவது ஏவுதல் வெற்றி. அத்தோடு எஸ்எல்வி-3 நிறுத்தப்பட்டது. அதைவிடப் பெரிய ஏஎஸ்எல்வி 1987இல் தோற்றது, 1988இலும் தோற்றது. பிஎஸ்எல்வியின் முதல் ஏவுதலும், 1993 செப்டம்பர் 20 அன்று, தோல்விதான். 1994 அக்டோபர் 15 அன்று இரண்டாவது பிஎஸ்எல்வி ஜெயித்தது. தும்பாவில் முதல் ராக்கெட் கிளம்பி அப்போது 31 வருடம் ஆகப்போகிறது.

தும்பா கடற்கரையில் ராக்கெட் நிலையத்தின் தொடக்கக் கால அலுவலகமாக இருந்த புனித மேரி மகதலேனாள் தேவாலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகம். பேக்கரி ஜங்ஷனில் இருந்தோ கழக்கூட்டத்தில் இருந்தோ ஒரு விடுமுறை நாளில் கிளம்பினால் அரை நாளில் பார்த்துவிட்டு வரலாம். அடையாள அட்டை எடுத்துப் போங்கள், பார்வையாளர் நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.